எண்ணிப் பரிமாறுங்கள் கோலா உருண்டை!

"சித்த வைத்தியரிடம் போனால் கறி, மீன் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுவார். கத்திரிக்காயைக்கூட விட்டு வைக்க மாட்டார்!"

இப்படி ஒரு பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது. சில நோய்களுக்கு, மருந்து சாப்பிடும் நாட்களில் மட்டும் பத்தியம் உண்டு. அது உண்மைதான். ஆனால் எங்கள் சித்த மருத்துவப் படிப்பில் குணபாடம் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் மூலிகைகள் ஒரு பகுதி. தாதுப் பொருட்கள் ஒரு பகுதி. உயிரினங்களிடமிருந்து கிடைக்கும் பொருட்களைச் சொல்லும் சீவ வகுப்பும் ஒரு பகுதி. யாருக்கு எது ஆகும், எதை எப்படிச் சமைத்தால் செரிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் படித்துவிட்டு வருகிறோம். ஆகவே இந்த மாதம் உங்களோடு கோலா உருண்டை பற்றிப் பேசப் போகிறேன். வியக்காதீர்கள்!

மதுரைப் பக்கமும் செட்டிநாட்டுப் பக்கமும் விருந்து என்றால் கோலா உருண்டை இல்லாமல் இருக்காது. கொத்துக்கறியும் பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் தேங்காயும் சேர்ந்த உருண்டை. இதில் இன்னும் இரண்டு மூன்று விதைகளைச் சேர்த்து, எண்ணெயைக் குறைத்து, வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஏற்ற உணவாகச் செய்து கொள்ளலாம்.

எதற்காக இதைச் சொல்கிறேன்?

என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் மகளை அழைத்துக் கொண்டு வருவார்கள். பதிமூன்று, பதினான்கு வயது இருக்கும். "எப்பப் பாரு சோர்வா இருக்கா டாக்டர். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. முடி கொட்டுது. படிப்புல கவனமே இல்ல" என்பார்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். நாங்கள் பாண்டு என்று சொல்லும் ரத்தசோகையின் அடையாளம் அது. அழைத்து வந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தால் அதுவும் வெளுத்துத்தான் இருக்கும்!

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? மாதவிலக்கு, பிரசவம் ஆகியவற்றால் பெண்களுக்கு ரத்த இழப்பு அதிகம் என்பது முக்கியக் காரணம். ஆனால் இன்னொரு காரணம் நம் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்த வீட்டில் யார் இலையில் எத்தனை துண்டு விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் வீட்டு ஆண்களுக்கு. அடுத்து, "வளர்ற பையன், நல்லா சாப்பிடணும்" என்று மகனுக்கு. "எனக்கு குழம்பு போதும்மா" என்று மகள் எழுந்துவிடுவாள். கடைசியில் உட்காரும் அம்மாவுக்குச் சட்டியின் அடியில் கிடக்கும் மசாலாவும் எலும்பும்தான்! யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கரண்டியில் வந்ததைப் போட்டுக்கொண்டே போனால் கடைசி ஆளுக்கு என்ன மிச்சம் என்று யாருக்குத் தெரியும்?

கோலா உருண்டையில் இந்தச் சங்கடம் இல்லை. 30 உருண்டை உருட்டினால் 30தான். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு நான்கு வைத்துவிட்டு, பத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்கலாம். சமைத்தவரின் தட்டிலும் அதே நான்கு. எண்ணிப் பரிமாறக்கூடிய கறி இது. நான் இதைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே அதுதான்.

பல் இல்லாத தாத்தாவுக்கும் உண்டு பங்கு

வயதானவர்கள் கறி சாப்பிடுவதை நிறுத்திவிடுவதற்குப் பெரும்பாலும் பல்தான் காரணம். ஆசை இருக்கும்; மெல்ல முடியாது. ரசம் சாதம், இட்லி, பிஸ்கட் என்று நாள் ஓடிவிடும். புரதம் குறைய, தசை வற்றிப் போகும். எழுந்து நடக்கும்போது தடுமாற்றம் வரும். கொத்தி, வேகவைத்து, மறுபடி அரைத்த கறி அவர்களுக்கு லேசாக இறங்கும். குழம்பில் ஊறப்போட்ட கோலா உருண்டையைப் பொக்கை வாயாலேயே சாப்பிட்டுவிடலாம்.

நான்கு உருண்டையில் என்ன கிடைக்கும்?

அரை கிலோ எலும்பில்லாத ஆட்டுக்கறியில் 30 உருண்டை வரும். நான்கு உருண்டையில் ஏறக்குறைய 65 கிராம் பச்சைக் கறி அடங்கியிருக்கும். ஆட்டுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. அப்படியானால் கறியிலிருந்து மட்டும் 13 கிராம் புரதம். விதைகளும் பொட்டுக்கடலையும் தருவது தனி.

இரும்புச்சத்து? ஒன்றரை முதல் இரண்டு மில்லி கிராம் வரை கிடைக்கும். "அவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். பருவ வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மி.கி., வயது வந்த பெண்ணுக்கு 29 மி.கி. இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020ல் சொல்லியிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவுதான். ஆனால் விஷயம் அளவில் மட்டும் இல்லை. கறியில் உள்ள இரும்பில் பெரும்பகுதி ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளோடு சேர்ந்த வகை. அந்த வகையில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் ஒட்டும். கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்பு பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான் ஒட்டும். கொஞ்சம் கறியோடு சேர்த்துச் சாப்பிட்டால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஒட்டும். ஆகவே, கோலா உருண்டை வைக்கும் நாளில் பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

விதைகள் செய்யும் வேலை

எள்: தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 1,000 மி.கி. சுண்ணாம்புச்சத்து உண்டு. தோலில் உள்ள ஆக்சலேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வறுத்துப் பொடித்தால் செரிப்பது எளிது, மணமும் கூடும்.

கசகசா: இதிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். உருண்டைக்கு மிருதுத்தன்மையும் பாலேடு போன்ற ருசியும் தருவது இதுதான். ஒரு முக்கிய எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மசாலாப் பொடி கட்டி அனுப்புகிறவர்கள் கசகசாவை அதில் சேர்க்காதீர்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கசகசாவுக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருக்கிறது. விமான நிலையத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ள வேண்டாம்!

பூசணி விதை: வெயிலில் காயவைத்து உடைத்த பருப்பில் 100 கிராமுக்கு 30 கிராம் புரதம். துத்தநாகச் சத்தும் நன்றாக உண்டு. பசி மந்தமான பிள்ளைகளுக்கு ஏற்றது.

ஆளி விதை: மீனில் இருப்பதாக எல்லாரும் பேசுகிற ஒமேகா-3 கொழுப்பின் தாவர வகை இதில் நிறைய. ஆனால் முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குத் தேவையான அளவு பொடிப்பது நல்லது. பொடித்து நாள்பட வைத்தால் எண்ணெய்க் காறல் அடிக்கும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு விதைகளும் சேர்ந்து நான்கு உருண்டையில் ஏழு கிராம்தான் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச்சத்து சுமார் 40 மி.கி. ஒரு டம்ளர் பாலில் 240 மி.கி. இருக்கிறது. ஆகவே, "விதை உருண்டை சாப்பிட்டேன், எலும்பு இரும்பாகிவிடும்" என்று நம்பிவிடாதீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வழிகளில் சேருவதுதான் சத்து. இது அந்த வழிகளில் ஒன்று.

கடையில் கேட்டு வாங்குங்கள்

கொத்துக்கறி விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. முழுத் துண்டாக இருக்கும் கறியில் கிருமிகள் மேற்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய் எங்கும் கலந்துவிடும். ஆகவே கொத்துக்கறி சீக்கிரம் கெடும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம்.

ஏற்கெனவே கொத்திக் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். வெள்ளாட்டுத் தொடைக்கறியாகக் கேளுங்கள். கொழுப்பு, ஜவ்வு நீக்கி, கண் முன்னால் கொத்தித் தரச் சொல்லுங்கள். துண்டாக வாங்கி வந்து வீட்டில் மஞ்சள் தண்ணீரில் மெதுவாக அலசி, நீரை நன்றாக வடித்து, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி எடுத்தால் இன்னும் நல்லது. கொத்தின பிறகு கழுவினால் சாறு எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அலசிய தொட்டி, அரிவாள்மனை, பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பச்சைக் காய்கறியை அங்கே கொண்டு வர வேண்டும்.

நம் ஊர் வெயிலில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. காலையில் வாங்கி, பையோடு மாட்டி வைத்துவிட்டு, மத்தியானம் சமைப்பது தப்பு. வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

விதைக் கோலா உருண்டை

தேவையானவை:

கொத்துக்கறி - அரை கிலோ
சின்ன வெங்காயம் - 15
இஞ்சி - ஓர் அங்குலத் துண்டு
பூண்டு - 8 பல்
பச்சை மிளகாய் - 2
காய்ந்த மிளகாய் - 5
மிளகு, சீரகம், சோம்பு - தலா 1 டீஸ்பூன்
பட்டை - ஓர் அங்குலம், கிராம்பு - 2
மஞ்சள் தூள் - அரை டீஸ்பூன்
தேங்காய்த் துருவல் - 3 டேபிள் ஸ்பூன்
பொட்டுக்கடலை - 75 கிராம்
எள் - 2 டேபிள் ஸ்பூன்
பூசணி விதைப் பருப்பு - 2 டேபிள் ஸ்பூன்
கசகசா - 1 டேபிள் ஸ்பூன்
ஆளி விதை - 1 டேபிள் ஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லி - ஒரு கைப்பிடி
உப்பு - 1 டீஸ்பூன்
எண்ணெய் - தேவையான அளவு

செய்முறை:

1. வாணலியில் எண்ணெய் இல்லாமல் எள், பூசணி விதை, ஆளி விதை, கசகசா ஆகியவற்றைத் தனித்தனியாக, சிறு தீயில் வறுங்கள். எள்ளும் ஆளி விதையும் படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுத்தால் கசகசா கருகும். பூசணி விதை பச்சையாக இருக்கும். ஆறியதும் பொட்டுக்கடலையோடு சேர்த்துப் பொடித்து, சலித்து வையுங்கள்.

2. இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் பட்டை, கிராம்பு, மிளகு, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். கடைசியில் தேங்காயைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி இறக்குங்கள்.

3. அதே வாணலியில் கொத்துக்கறி, மஞ்சள் தூள், உப்பு போட்டு, தண்ணீர் ஊற்றாமல் மூடி வையுங்கள். கறியிலிருந்தே நீர் விடும். அந்த நீரில் வெந்து, நீர் முழுக்கச் சுண்டும் வரை கிளறிக்கொண்டிருங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும்.

4. வதக்கிய மசாலாவை முதலில் நைசாக அரையுங்கள். பிறகு வெந்த கறியைச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். ரொம்ப மைய வேண்டாம். கொஞ்சம் நறநறவென்று இருந்தால்தான் ருசி.

5. விதை-கடலைப் பொடி, கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டுங்கள். உருட்டும்போது வெடிப்பு விட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலைப் பொடி போடுங்கள். முட்டை அவசியமே இல்லை. பொட்டுக்கடலை மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தானே பிடித்துக்கொள்ளும்.

6. குழிப்பணியாரக் கல்லைக் காயவைத்து, குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, உருண்டைகளைப் போட்டுத் திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். உள்ளே ஏற்கெனவே வெந்த கறி என்பதால் மேல் தோல் முறுகினால் சரி.

நம் பாட்டிமார் கறியை முதலில் வேகவைத்து, பிறகு உருட்டிப் பொரித்ததில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது பாருங்கள்! இரண்டு முறை தீயைப் பார்ப்பதால் பச்சைக் கொத்துக்கறியில் இருக்கும் ஆபத்து இதில் இல்லை.

விருந்தாளி வந்தால் எண்ணெயில் பொரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. எண்ணெயில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும். அந்தச் சூட்டில் மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம். எண்ணெய் காயாமல் போட்டால் உருண்டை உடையும், எண்ணெயும் குடிக்கும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். கருத்து, நுரைத்து, பிசுபிசுப்பான எண்ணெய் உடம்புக்குக் கெடுதல். வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்க மட்டும் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

மசாலாவில் இருக்கும் மருந்து

சீரகம், சோம்பு, மிளகு, இஞ்சி, பட்டை. இவை வாசனைக்கு மட்டும் போட்டவை அல்ல. கறி செரிக்க நேரம் பிடிக்கும் பண்டம். செரிக்கும் தீ மந்தமாக இருந்தால் வயிறு உப்பும், ஏப்பம் வரும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் ஐந்தும் சேர்ந்ததை பஞ்சதீபாக்கினி சூரணம் என்று நாங்கள் மருந்தாகவே தருகிறோம். 'தீபாக்கினி' என்றால் பசித் தீயைத் தூண்டுவது. அதில் பாதிச் சரக்கு உங்கள் கோலா உருண்டையிலேயே இருக்கிறது!

மத்தியானச் சாப்பாட்டில் வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கறி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வாதமும் பித்தமும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும். பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு வைத்து, மேலே பிழிந்து சாப்பிடுங்கள். அதில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் கடலையிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம். அவை இரும்பை ஒட்டவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும். கறியோடு பால் சேர்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். பாலின் சுண்ணாம்புச்சத்து இரும்பு ஏறுவதைக் குறைக்கும் என்று இன்றைய சத்துணவு இயலும் சொல்கிறது. பாலை இரவில் குடியுங்கள்.

கடல் கடந்த உருண்டைகள்

உருண்டைக்கறி நமக்கு மட்டும் சொந்தமில்லை. வடநாட்டில் கோஃப்தா என்கிறார்கள். இடிப்பது, நசுக்குவது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. துருக்கியிலும் இதே பெயர்தான் வழங்குகிறது. இந்தோனேசியாவில் மரவள்ளி மாவு சேர்த்துப் பிசைந்து, சூப்பில் மிதக்க விடும் 'பாக்சோ' தெருவெங்கும் கிடைக்கும். ஜப்பானில் கோழிக்கறியைக் குச்சியில் பிடித்துச் சுட்டு, இனிப்பு கலந்த சோயா சாஸ் தடவுவார்கள், அது 'சுகுனே'.

பிள்ளைகள், "அம்மா, சைனீஸ் மாதிரி செஞ்சு தாங்க" என்று கேட்டால் ஓட்டலுக்கு ஓட வேண்டாம். கால் கிலோ கொத்தின கோழிக்கறி, துருவிய இஞ்சி ஒரு டீஸ்பூன், நசுக்கிய பூண்டு 3 பல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, மிளகுத்தூள் அரை டீஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன், நல்லெண்ணெய் 1 டீஸ்பூன், சோள மாவு 1 டேபிள் ஸ்பூன். எல்லாவற்றையும் ஒரே திசையில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சோயா சாஸில் உள்ள உப்பு, கறியின் புரதத்தைக் கரைத்துப் பசை மாதிரி ஆக்கிவிடும். உருண்டை உடையாமல் இருக்க அதுதான் காரணம். உருட்டி, வறுத்த எள்ளில் புரட்டி, எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் 15 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

இதில் இரண்டு கவனம். இங்கே பச்சைக் கறியை நேராக உருட்டுகிறோம். ஆகவே பெரிய உருண்டையாக ஒன்றை எடுத்து வெட்டிப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு நிறமோ, பச்சை ஈரமோ இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேகட்டும். சமையல் வெப்பமானி உள்ளவர்கள் கோழிக்கு நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது, உப்பு தனியாகப் போடாதீர்கள். ஒரு டேபிள் ஸ்பூன் சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ரத்த அழுத்தக்காரர்கள் இதைச் சுவைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

உங்களுக்கு வாழைப்பூ இருக்கிறது! நரம்பு நீக்கி மோரில் போட்ட வாழைப்பூவை வேகவைத்துப் பிழிந்து, ஊறவைத்து அரைத்த கடலைப் பருப்போடும் இதே மசாலா, விதைப் பொடியோடும் சேர்த்து உருட்டுங்கள். சேனைக்கிழங்கிலும் செய்யலாம். கறியின் இரும்பு கிடைக்காதே தவிர, புரதமும் நார்ச்சத்தும் குறைவில்லை. எலுமிச்சை பிழிவதை மட்டும் மறக்காதீர்கள். உங்களுக்குத்தான் அது இன்னும் அவசியம்.

யார் யோசிக்க வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள், யூரிக் அமிலம் கூடி மூட்டு வீக்கம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மஞ்சள் காமாலையிலிருந்து தேறி வருபவர்கள், ரத்த மூலம் உள்ளவர்கள் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். எள் சூட்டைக் கிளப்பும் என்பதால் கர்ப்பிணிகள் முதல் மாதங்களில் எள்ளையும் ஆளி விதையையும் விட்டுவிட்டு மற்றவற்றால் செய்து கொள்ளலாம். அரைவேக்காட்டுக் கறி கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது.

எள் சிலருக்கு ஒவ்வாமை தரும். சாப்பிட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழு உருண்டையைக் கையில் கொடுக்காமல் சாதத்தில் உதிர்த்துப் பிசைந்து ஊட்டுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மீந்த உருண்டைகளை ஆறியதும் மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். சாப்பிடும் முன் உள் வரை சூடாகும்படி காய்ச்சுங்கள். ஒரு தடவைதான். மறுபடி மறுபடி சூடாக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

கோலா உருண்டை சத்தான உணவு. ஆனால் ரத்தசோகையை இது ஒன்றே தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கோ உங்களுக்கோ சோர்வு, மூச்சு வாங்குதல், இமை வெளுப்பு இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்குக் காரணம் குடல் புழுவா, மாதவிலக்கில் அதிகப் போக்கா, மூலமா என்று பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். "கறி சாப்பிடறோமே" என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சித்த மருந்தாக இருந்தாலும் தகுதி பெற்ற மருத்துவரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பாண்டுக்கான மருந்துகளில் அயச் செந்தூரம் போன்றவை உண்டு. அவற்றைக் கடையில் கேட்டு வாங்கித் தானாகச் சாப்பிடக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். உருட்டி முடித்ததும் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது அடுப்படியில் நிற்கும் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. உங்கள் பங்கைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, அப்புறம் பரிமாறப் போங்கள்.